அரையடி ஸ்கேலின் நிழல்

எங்கள் சயன்ஸ் சாரை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. அவர் காலமாகி வெகுநாளாகிறது. அதனால் என் கோபம் தணிந்திருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த வருடங்கள் அவை. எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு ஜாதா கோஷம் போட்டு ஊர்வலமாகப் போகும்; சேரக் கூடாது என்று மறுநாள் எதிர் ஜாதா வரும். பாறசாலைச் சந்தையில் மீனுக்கு எந்தப் பாஷையில் விலை கேட்கிறோம் என்பதைக்கூடக் காதுகொடுத்துக் கவனித்தார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் டிவிஷனை மூடிவிட்டு, மிச்சமிருந்த எங்களை மலையாள வகுப்பின் பின்பெஞ்சில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பாடமெல்லாம் மலையாளம், பரீட்சையை மட்டும் தமிழில் எழுதிக்கொள்ளலாம். ஏதோ பிச்சை போட்டதுபோல அதைத் தினமும் ஞாபகப்படுத்தவும் செய்தார்கள்.

அது பள்ளியிறுதி வகுப்பு. ஆளுக்கொரு பரிசோதனையை வீட்டில் செய்து ரிப்போர்ட் எழுதிவர வேண்டும். தன் கையெழுத்து விழாத ரிப்போர்ட்டோடு ஒருவரும் பரீட்சைக்கு உட்கார முடியாது என்று சார் சொல்லிவிட்டார். பரீட்சையில் ஜெயித்தால் என்னை டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்புவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு நினைப்பில்தான் நான் பின்பெஞ்சில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு இருந்தேன்.

எனக்கு வந்தது நிழலின் உருப்பெருக்கம். விளக்கிலிருந்து திரை எவ்வளவு தூரமோ அதை, விளக்கிலிருந்து பொருள் இருக்கும் தூரத்தால் வகுக்க வேண்டும். நிழல் எத்தனை மடங்கு பெரிதாக விழும் என்பது கிடைத்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் உள்அறை ஜன்னல்களைச் சாக்கால் அடைத்தேன். அப்பாவின் வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டினேன். சிமினி விளக்கைக் கொளுத்தி வைத்தேன். பட்டப்பகலில் மண்ணெண்ணெயை எரிக்கிறாளே என்று அம்மா அடுக்களையிலிருந்து கரித்துக்கொட்டினாள்.

நிழல் விழ வைக்க நேரான பொருள் என்று என்னிடம் இருந்தது பள்ளிக்கூடத்து அரையடி ஸ்கேல் ஒன்றுதான். அதை மண் உருண்டையில் சாத்தி நிறுத்திவிட்டால் பிறகு எதைக்கொண்டு அளப்பது? அப்பா தடிக்கடையில் மரம் அளப்பவர். அவருடைய கோல் மூலையில் சாத்தியிருந்தது. ஒரு கோலுக்கு இருபத்துநான்கு விரல். ஒரு விரல் என்பது ஓர் இஞ்சுக்குக் கொஞ்சம் கூடுதல். எல்லாவற்றையும் அந்தக் கோலாலேயே அளந்தேன். விளக்கிலிருந்து ஸ்கேல் ஒரு கோல், திரை மூன்று கோல். ஆகவே மூன்று மடங்கு. ஸ்கேலின் உயரம் ஐந்து விரல். நிழல் பதினைந்து விரல் வர வேண்டும், பதினைந்தரை வந்தது. விளக்கின் சுடர் ஒரு புள்ளி அல்ல, அதற்கும் அகலம் உண்டு, அதனால் நிழலின் ஓரம் கலங்கித் தெரிகிறது என்று காரணமும் எழுதினேன். எந்த அளவுகோலானாலும் எல்லாவற்றையும் அதனாலேயே அளந்தால் மடங்கு மாறாது என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியில் எனக்குப் பெரிய கர்வம்.

முன்பெஞ்சில் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் வந்தது இதே பரிசோதனைதான். சாருக்குச் செல்லம். என்னிடம் தமிழிலும் அவரிடம் மலையாளத்திலும் குழைவாள். "ஏட்டி, நோட்டை ஒரு நாளைக்குத் தா. நாளைக்குக் காலத்தே கொண்டு வாறேன்" என்றாள். கொடுத்தேன். சொன்னபடி கொண்டுவந்தும் தந்தாள்.

அந்த வாரமே சார் அவளுடைய மலையாள ரிப்போர்ட்டைக் கணக்கு உட்பட வாசித்துக் காட்டி வகுப்பு முழுக்கப் புகழ்ந்தார். பிறகு என்னுடையதை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோல எடுத்தார். "ரண்டிலும் கணக்கு ஒந்நு தன்னே. இது நோக்கி எழுதியதல்லே நீ?" என்றார். அவளைப் பார்த்து நான் காப்பியடித்தேனாம். வகுப்பு சிரித்தது.

நான் எழுந்து நின்று தமிழிலேயே சொன்னேன். "சார், அரையடி ஸ்கேலுக்கு எத்தனை இஞ்சுண்ணு அவகிட்ட கேளுங்க."

ஆறு என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள்.

"அவளுக்க நோட்டில அஞ்சு இஞ்சுண்ணு கிடக்கு, சார். எனக்க நோட்டில அஞ்சு விரல். விரலை இஞ்சு ஆக்கினது ஆராக்கும்?"

கோல் என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் அடி என்றும் விரலை இஞ்சு என்றும் மாற்றிவிட்டு எண்களை அப்படியே விட்டிருந்தாள். மடங்கு சரியாகவே வந்ததால் யாருக்கும் தட்டுப்படவில்லை. சார் அவள் நோட்டைப் புரட்டினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நிமிடம் முழுதாக நம்பினேன்.

அவர் சிவப்பு மையைத் தொட்டு அவளுடைய ஐந்தை ஆறாகத் திருத்தினார். கீழே கையெழுத்தும் போட்டார். ஆறின் மூன்று மடங்கு பதினெட்டு அல்லவா, பதினைந்தரை எப்படிச் சரியாகும் என்று நான் கேட்பதற்குள் என் நோட்டை மேஜையோரம் தள்ளினார். கோலும் விரலும் ஆசாரிக்கு, சயன்ஸுக்கு இல்லையாம். அவர் வீட்டு உத்தரத்தை எந்த ஆசாரி இஞ்சு டேப்பால் அளந்தானோ! "தமிழில் எழுதியது ஞான் நோக்கில்ல. மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா" என்றார்.

எனக்கு மலையாளம் தாய்ப்பாஷைபோல வரும். ஒரு சாயங்காலத்தில் எழுதி முடித்திருப்பேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஜாதாவுக்குப் போய்விட்டுத் தொண்டை கட்டி வந்த அப்பா நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். "அவனுக்க கையொப்புக்கு வேண்டி நம்ம எழுத்தை விட்டுக்குடுக்கண்டாம் மக்கா. நம்ம ஊரு அந்தப் பக்கம் சேரட்டும், பொறவு இவனுவ நம்மகிட்ட வருவானுவ" என்றார். அவர் பேச்சுக்கு அப்போது வீட்டில் எதிர்ப்பேச்சு கிடையாது. நான் பரீட்சை எழுதவில்லை. காப்பியடித்தவள் எழுதினாள், ஜெயித்தாள், டிரெயினிங்குக்கும் போனாள்.

நான் மறுபடி அதே வகுப்பில், என்னைவிடச் சின்னதுகளோடு உட்கார்ந்தேன். அந்த வருடத்தில்தான் எல்லையை வகுத்தார்கள். கல்குளமும் விளவங்கோடும் அந்தப் பக்கம், தமிழ்நாட்டோடு போயின. நாங்கள் இந்தப் பக்கமே கிடந்தோம். அப்பா ஒரு வாரம் கடைக்குப் போகவில்லை. பிறகு ஒருநாள் சாப்பிட்ட கையோடு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மலையாளத்திலேயே எழுதிக் குடு மக்கா. இனி வேற வழி இல்ல."

இதைச் சொல்ல அவருக்கு ஒரு வருடம் ஆனது. அந்த வருடம் அவருடையதல்ல, என்னுடையது.

எழுதிக் கொடுத்தேன். சார் முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. மேலே மலையாள எழுத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். "மிடுக்கி" என்றார். கெட்டிக்காரியாம்!

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "சாரு ஒப்பு போட்டாரா மக்கா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டுக்குள் அதுவரை யாரும் அவரிடம் மலையாளத்தில் பேசியதில்லை. "இட்டு" என்று மலையாளத்திலேயே சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.