பத்து விரலிலும் மை

கியாகோயோ நகராட்சி நீச்சல் குளத்தின் சீட்டு ஜன்னலில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவர் எர்மினியா சலாஸ். தினமும் நூறு பேரிடம் வாக்குவாதம் நடக்கும் இடம் அது. அங்கேயே குரலை உயர்த்தாத பெண்மணியை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா தெருவே கேட்கும்படி கத்த வைத்தது.

மகள் மாரிசோல் நர்சிங் படிப்பில் சேர்ந்த வருடம், தள்ளுபடியில் ஒரு பிரிண்டர் வாங்கி வந்தார்கள். நாற்பது பக்கம் அடித்ததும் கலர் மை தீர்ந்துபோனது. புது கார்ட்ரிட்ஜ் வாங்கக் கடைக்குப் போன எர்மினியா வெறுங்கையோடு திரும்பி வந்தார். கறுப்பும் கலருமாக இரண்டு டப்பா வாங்கினால், பிரிண்டருக்குக் கொடுத்ததை விட அதிகமாம்.

"அடுப்பை இனாமா குடுத்துட்டு நெருப்புக்குக் காசு கேக்கறானுங்க!" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். நான் பக்கத்து வீடு. பள்ளிக்கூட ஆசிரியை. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். குறடு வைத்து அந்தக் காலி டப்பாவைப் பிளந்துகொண்டிருந்தார்.

"டீச்சர், இங்க வா! உள்ள என்ன இருக்குன்னு பாரு! ஸ்பாஞ்சு! பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு! இதுக்கா நான் மூணு நாள் சம்பளம் குடுக்கணும்?"

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்து நகரமான கோச்சபாம்பாவின் பெரிய சந்தைக்குப் போனார். அங்கே ஒருவன் காலி கார்ட்ரிட்ஜில் மை நிரப்பித் தருவான். தொழில் வெளியே தெரியக் கூடாதென்று வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வேலை செய்வான். எர்மினியா கையில் கறி வைத்துச் சுட்ட சல்தேன்யா ஒன்றை வைத்துக்கொண்டு, அதைக் கொறிப்பதுபோல அவன் கடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதல் வாரம் மேலே ஒட்டியிருக்கும் சீட்டை உரிப்பது தெரிந்தது. இரண்டாம் வாரம் அதற்கடியில் இருக்கும் மூன்று துளைகள். மூன்றாம் வாரம், ஊசியை எவ்வளவு ஆழம் இறக்குகிறான், எப்போது நிறுத்துகிறான் என்பது. நான்காம் வாரம் மருந்துக்கடையில் நான்கு சிரிஞ்சும், சந்தையில் நான்கு மை பாட்டிலும் வாங்கி வந்துவிட்டார். நாலு பாட்டிலும் சேர்ந்து ஒரு புது டப்பாவின் விலையில் பாதிகூட இல்லை.

முதல் முயற்சியில் கணவர் குவால்பெர்த்தோவின் வெள்ளைச் சட்டை போனது. அவர் மினிபஸ் டிரைவர். இரண்டாம் முயற்சியில் மேஜை விரிப்பு. மூன்றாவதில் அவருடைய மீசை. எப்படி என்று இன்றுவரை இருவரும் சொல்லவில்லை. ஒரு வாரம் நீல மீசையோடு பஸ் ஓட்டினார்.

"டாக்டரம்மா, இன்னிக்கு யாருக்கு ஆபரேஷன்?" என்று வீட்டுக்குள் நுழையும்போதே கேட்பார்.

"உனக்குத்தான்யா. நாக்கை வெட்டப் போறேன். வந்து உக்காரு."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எர்மினியா ஒரு தாளைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு தெருவில் ஓடி வந்தார். மாரிசோலின் பாடத்துக்கான இதயப் படம். சிவப்பு சிவப்பாக, நீல நரம்பு நீலமாக, துல்லியமாக விழுந்திருந்தது. "நான் அடிச்ச இதயம்! பாருங்கடி! நான் அடிச்சது!" என்று ஒவ்வொரு வாசலிலும் காட்டினார். அவருக்கு அன்று நாற்பத்தேழு வயது. பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளைகூட அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் விரல் நுனிகள் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருந்தன. குளத்துக்கு வருகிறவர்கள் சீட்டை வாங்கிக்கொண்டே சிரிப்பார்கள். அவர் கவலைப்படவில்லை.

தேர்தல் வந்தது. அது டிசம்பர் மாதம். கைப்பேசி என்றால் பேசுவதற்கு மட்டும்தான் என்று இருந்த காலம். முந்தின நாள் குவால்பெர்த்தோவுக்குப் பிறந்தநாள். வாக்குப்பதிவுக்கு முன்பாக மதுவுக்குத் தடை என்பதால் வெறும் பழரசத்தோடு கொண்டாடினோம். எதிர்வீட்டு ஸெனோபியா தன் தம்பி லினோவையும் கூட்டி வந்திருந்தாள். அவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பிறவியிலேயே காதும் கேட்காது, பேச்சும் வராது. எழுதப் படிக்கவும் தெரியாது. சுரங்க ஊரில் அம்மா இறந்த பிறகு, இரண்டு நாள் முன்புதான் அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். பச்சைக் கம்பளித் தொப்பி, காதுமூடியின் நுனியில் இரண்டு ஆரஞ்சுக் குஞ்சம். வெயிலிலும் கழற்றவில்லை. என் டிஜிட்டல் கேமராவில் எல்லோரையும் படம் எடுத்தேன். லினோ கேக்கைப் பார்த்துக் குனிந்திருந்ததால் பாதி முகம்தான் விழுந்தது. தொப்பி முழுசாக விழுந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஸெனோபியா எர்மினியாவின் வாசலுக்கு அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா! லினோவைக் காணோம்! கதவு திறந்து கிடக்கு. விடியறதுக்கு முன்னாடியே போயிருக்கான். அவனுக்கு ஊர் பேர்கூடச் சொல்லத் தெரியாதே அக்கா!"

தேர்தல் நாளில் எங்கள் நாட்டில் வண்டி ஓடாது. பஸ் இல்லை, டாக்ஸி இல்லை, சொந்தக் காரை எடுத்தாலும் பிடிப்பார்கள். குவால்பெர்த்தோவின் மினிபஸ் சங்கிலி போட்டு நின்றது. போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் வாக்குச்சாவடிக் காவலில். போய்ச் சொன்னோம். "சாயங்காலம் ஓட்டு எண்ணின பிறகு பாக்கலாம்மா" என்றார்கள். குவால்பெர்த்தோ ஆற்றங்கரைப் பக்கம் நடந்தே தேடப் போனார்.

ஸெனோபியா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். எர்மினியா நின்றுகொண்டே யோசித்தார். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"டீச்சர், இன்னிக்கு ஊரே எங்க இருக்கும்?"

"பள்ளிக்கூடத்துல. ஓட்டு போட."

"எத்தனை பள்ளிக்கூடம்?"

"பதினொண்ணு."

"ஓட்டுப் போடாம யாராவது இருப்பாங்களா? ஓட்டுப் போட்ட அத்தாட்சிச் சீட்டு இல்லைன்னா பேங்க்குல காலே வைக்க முடியாதே! ஊர்ல இருக்கிற ஒவ்வொரு கண்ணும் நாலு மணிக்குள்ள ஒரு பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தான் போகும். உன் கேமராவை எடு. ஓடு!"

ஓடினேன்.

கடைகள் எல்லாம் மூடியிருந்தன, ஜெராக்ஸ் கடையும்தான். எங்களிடம் இருந்தது எர்மினியாவின் பிரிண்டர் ஒன்றே. படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, லினோவைத் தனியாக வெட்டிப் பெரிதாக்கி, "இவரைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காது கேட்காது" என்று எழுதி, ஸெனோபியாவின் வீட்டு போன் எண்ணையும் போட்டோம். ஒன்பது தாள் அழகாக வந்தது. பத்தாவதில் தொப்பி வெளுத்தது. பதினொன்றாவதில் தொப்பியே இல்லை. மை தீர்ந்தது என்று சிவப்பு விளக்கு மின்னியது.

"மின்னட்டும். எனக்குத் தெரியாததா?" என்று எர்மினியா டப்பாவைக் கழற்றினார். சீட்டை உரித்தார். சிரிஞ்சில் மையை உறிஞ்சினார். ஸெனோபியா பின்னால் நின்று, "சீக்கிரம் அக்கா, சீக்கிரம் அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எர்மினியா எந்தத் துளை என்று பார்க்காமலே ஊசியை இறக்கினார்.

மாட்டினார். தாள் வெளியே வந்தது. பச்சைத் தொப்பி கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. குஞ்சம் ரோஜா நிறம். முகம் வெயிலில் வெந்ததுபோல.

"இது என் தம்பி இல்ல!" என்று ஸெனோபியா கதறினாள். "யாரோ கோமாளி! இதை ஒட்டினா கோமாளியைத்தான் கூட்டிட்டு வருவாங்க!"

"சிவப்பை மஞ்சள் துளையில விட்டுட்டேன்," என்றார் எர்மினியா. மஞ்சள் கெட்டால் பச்சையும் வராது, ஆரஞ்சும் வராது. வேறு டப்பா வாங்க வழியில்லை.

"டீச்சர், தண்ணி கொதிக்க வை. கொதிச்சது ஆறி வெதுவெதுன்னு ஆனதும் கொண்டா. ஸெனோபியா, நீ வெளிய போய் பேப்பர் சேத்துட்டு வா. ஒரு பக்கம் எழுதியிருந்தாலும் பரவால்ல. போ!"

புது ஊசியை அந்தத் துளையில் இறக்கி, கெட்டுப்போன மையை உறிஞ்சித் துப்பினார். வெதுவெதுப்பான தண்ணீரை விட்டார், மறுபடி உறிஞ்சினார். ரத்தம்போல வந்தது. இரண்டாம் தடவை பழச்சாறு போல. ஐந்தாம் தடவை கிட்டத்தட்டத் தெளிந்த நீர். பிறகு மஞ்சளை அளந்து, மெல்ல மெல்ல, மூச்சை அடக்கிக்கொண்டு ஏற்றினார். டப்பாவின் அடியை ஈரத் துணியில் ஒற்றினார். மூன்று கோடுகள் விழுந்தன. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. மூன்றாவது இன்னும் ஆரஞ்சு. மறுபடி ஒற்றினார். மறுபடி. எட்டாவது ஒற்றலில் மூன்றாவது கோடு எலுமிச்சை மஞ்சளாக விழுந்தது.

"வந்துடுச்சு!" என்று நான் கத்தினேன். அடுத்த தாளில் லினோவின் தொப்பி பச்சைப் பசேலென்று வெளியே வந்தது. எர்மினியா அந்தத் தாளுக்கு முத்தம் கொடுத்தார்.

அதற்குள் வாசலில் தெருவே கூடியிருந்தது. ஸெனோபியா கேட்டவர்கள் எல்லாம் பேப்பர் கொண்டு வந்திருந்தார்கள். பழைய பரீட்சைத் தாள், நோட்டிலிருந்து கிழித்த பக்கம், கல்யாணப் பத்திரிகையின் பின்புறம். நான் தாளைச் செருகினேன். எர்மினியா ஒவ்வொரு நாற்பது பக்கத்துக்கும் ஊசி போட்டார். ஈரம் காயக் கொடியில் தொங்கவிட்டோம். காய்ந்ததை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஓட்டுப் போடக் கிளம்பியவர்கள் எல்லோர் கையிலும் ஒரு கட்டு லினோ.

"சந்தைப் பள்ளிக்கூடம் யாரு?"

"நான் போறேன்!"

"ரயில் பாதைப் பக்கம்?"

"என் மச்சான் சைக்கிள்ல போறான், குடு!"

மூன்றேகால் மணிக்கு இருநூற்றுப் பத்தாவது தாள் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அக்கா, நீங்க இன்னும் ஓட்டே போடல!"

அவர் அப்படியே ஏப்ரனோடு ஓடினார், பின்னால் நான். சாவடி மேஜையில் இருந்த இளைஞர் கைரேகை வைக்கக் கையை நீட்டச் சொன்னார். எர்மினியா நீட்டினார். பத்து விரலும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு.

"அம்மா... எத்தனை ஊர்ல ஓட்டுப் போட்டுட்டு வர்றீங்க?"

வரிசை மொத்தமும் சிரித்தது. எர்மினியா சிரிக்கவில்லை. ஏப்ரன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தார். "இந்தப் பிள்ளையோட படத்தை அடிச்ச மை, தம்பி, இது. ஒரு தடவைதான் போடுவேன். ஆனா இவனைப் பாத்தீங்களா சொல்லுங்க."

அவர்கள் யாரும் பார்த்திருக்கவில்லை. கட்டைவிரலை மட்டும் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவ வைத்து, வாக்குச்சீட்டைக் கொடுத்தார்கள். அவர் வெளியே வந்தபோது நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. வாசலில் ஸெனோபியா நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"அக்கா, போன் வந்துச்சு!"

ஊரின் தென்கோடிப் பள்ளிக்கூடம். அங்கே வாசலில் பன்றிக்கறி வறுவல் விற்கும் அம்மாள் ஒருத்தி கூப்பிட்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, எங்கள் தாள் அவள் குடையில் குத்தியிருந்தது. அதற்குக் கீழே கவிழ்த்த வாளியில் பச்சைத் தொப்பியோடு லினோ உட்கார்ந்து, மும்முரமாக உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உரித்த கிழங்கு ஒரு மலை.

"காலையில பாரத்தைத் தூக்க முடியாம நின்னேன், வந்து தூக்கினான்," என்றாள் அந்த அம்மாள். "சோறு போட்டேன். வேலை செஞ்சான். ஒரு வார்த்தை பேசல. இப்படி ஒரு ஆம்பளையை நான் பாத்ததே இல்லைன்னு சந்தோஷமா இருந்தேன். யாரோ வந்து இந்தப் படத்தை ஒட்டினாங்க. முகத்தைப் பாத்தா தெரியல. தொப்பியைப் பாத்தேன். அடக்கடவுளே, நம்ம ஆளு!"

ஸெனோபியா அவனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு எதுவும் புரியவில்லை. குடையில் தன் படத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு எர்மினியாவின் கைகளைப் பார்த்தான். ஒவ்வொரு விரலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரித்தான். அதுவரை திடமாக இருந்த எர்மினியா அங்கேதான் உடைந்து அழுதார்.

அந்த அம்மாள் எங்கள் எல்லோருக்கும் தட்டு நிறைய வறுவல் கொடுத்தாள். ஆற்றங்கரையெல்லாம் அலைந்து சேறான காலோடு குவால்பெர்த்தோவும் சேதி கேட்டு வந்து சேர்ந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது. "என் சட்டை எத்தனை வேணும்னாலும் பாழாகட்டும், போ."

மறுவாரம் எர்மினியாவின் கதவை ஆட்கள் தட்ட ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் பையில் காலி கார்ட்ரிட்ஜ். பாதிரியார் வீட்டிலிருந்து ஒன்று, நகராட்சி குமாஸ்தாவிடமிருந்து யாருக்கும் தெரியாமல் இரண்டு. எர்மினியா எல்லோரையும் எதிரில் உட்கார வைத்து, முதுகைக் காட்டாமல் செய்து காண்பித்தார். "பாத்துக்க. அடுத்த தடவை நீயே செய்," என்பார். பாதிப் பேர் செய்தார்கள். மீதிப் பேர் சோம்பல்பட்டுத் திரும்பி வந்தார்கள். அவர்களுக்காக ஞாயிறு சந்தையில் ஒரு மேஜை போட்டார்.

இரண்டாம் மாதம் லினோ அந்த மேஜைக்கு வந்தான். சுற்றிலும் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் அவன் கை அசையாது. மூன்று துளையையும் குச்சியால் தொட்டுப் பார்த்து, நிறம் தெரிந்த பிறகுதான் ஊசியை எடுப்பான். யாராவது அவசரப்படுத்தினால் அவனுக்குக் கேட்காது. ஒரு டப்பாகூட அவன் கையில் கெட்டதில்லை. எர்மினியா குளத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மேஜை கடையானது. கடையின் பெயர்ப் பலகையை அவர்கள் வீட்டுப் பிரிண்டரிலேயே பதினாறு தாளாக அடித்து ஒட்டினார்கள். எர்மினியா, லினோ இரண்டு பேர் பெயரும் அதில் ஒரே அளவு எழுத்தில் இருக்கிறது.