பதினாலாம் நம்பர் சுவர்

ஹட்டன் டவுன் முழுக்கச் சுவரில் படம் வரையும் போட்டி நடந்த அந்த மூன்று வாரமும் நான் ஆட்டோ ஓட்டியதைவிடச் சுவர் பார்த்ததுதான் அதிகம். மார்க்கெட் சந்தில் ஒரு சிறுத்தை, ஸ்டேஷன் ஏற்றத்தில் மூடுபனிக்குள்ளிருந்து வரும் ரயில். சிறுத்தைக்கு ஒரு பக்க மீசை குறைச்சல் என்று நானும், ஸ்டாண்டில் என் பக்கத்தில் நிற்கும் சிங்கள நண்பரும் அரைநாள் சண்டை போட்டோம். மழை வந்தால் பெயின்ட் காய்ந்திருக்குமா என்று எனக்குப் பதறும். பிடித்த சுவரின் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதி, பஸ் ஸ்டாண்டில் வைத்திருந்த பெட்டியில் யாரும் போடலாம்.

பதினாலாம் நம்பர் என் மகளுடையது. ஸ்கூலில் ஏ.எல். வகுப்பு படிக்கிறாள். மெயின் ரோட்டு வளைவில், தேயிலைத் தோட்டத்துப் பஸ்ஸெல்லாம் திரும்பும் இடத்தில் சுவர் கிடைத்தது. அவள் தன் அம்மாவை வரைந்தாள். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் அழுத்த, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். அப்படியே என் மனைவி.

மனைவி குவைத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷம். அதுவரை தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். அவள் போன பிறகுதான் நானும் மகளும் டவுனில் வாடகை வீட்டுக்கு வந்தோம். வெள்ளிக்கிழமை மட்டும் அந்த வீட்டம்மா போனைக் கையில் கொடுப்பார். படம் முடிந்தபோது இரண்டு வெள்ளிக்கிழமையாகப் போன் வரவில்லை. நாங்கள் அழைத்தாலும் லைன் போகவில்லை. அம்மாவுக்குக் காட்ட மகள் சுவரைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு தோட்டத் தொழிலாளியின் முகம் ரோட்டோரம் பெரிதாக வருவது ஒரே ஒரு தடவைதான், கண்ணீர் அஞ்சலிப் பேனரில். இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். பஸ்ஸில் போகிறவர்கள் படத்தைப் பார்த்தார்கள், ஆளை அடையாளம் கண்டார்கள், அவ்வளவுதான். ஒரு காலையில் சுவரில் ஆணி அடித்துச் செவ்வந்தி மாலை தொங்கியது.

கழற்ற எனக்குக் கை வரவில்லை. கழற்றினால் வேறு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பயம். மகள் பிய்த்துச் சாக்கடைக் கானில் போட்டாள். மறுநாள் இன்னொரு மாலை வந்தது. அதையும் பிய்த்தாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமையும் போன் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்த பெண்கள் எட்டுப் பேர் பஸ்ஸில் வந்திறங்கி, சுவருக்கு முன்னால் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். நான் ஓடினேன். இது போட்டிக்கு வரைந்த படம், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தொண்டை கிழியச் சொன்னேன். அழுகை நின்றது. ஒருத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"கடைசியா எப்பண்ணே பேசுனீங்க?"

நான் விரல் விட்டு வெள்ளிக்கிழமைகளை எண்ணினேன். அவர்கள் மறுபடியும் அழுதார்கள், இந்தத் தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு.

அதற்குப் பிறகு என் பேச்சு எனக்கே நம்பும்படியாக இல்லை. அவளை அனுப்பிய ஏஜென்ட்டிடம் நாலு தடவை போனேன். விசாரிக்கிறோம், பொறுங்கள் என்பதுதான் பதில். வேறு யாரிடம் போவதென்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டோவில் ஏறுகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஸ்டாண்டில் சிங்கள நண்பர் தன் சவாரி முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டேன்.

நாலாவது வெள்ளியும் போனது. ஞாயிறன்று மைதானத்தில் முடிவு சொன்னார்கள். பதினாலாம் நம்பருக்குத்தான் ஆக அதிகமான ஓட்டு. எத்தனை பேர் படத்துக்குப் போட்டார்கள், எத்தனை பேர் பாவம் பார்த்துப் போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? மகள் மேடை ஏறினாள். கைதட்டல் அடங்கியதும் மைக் பிடித்தவர், நல்ல மனதோடுதான், அந்தத் தாய்க்காக இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்போம் என்றார்.

நாற்காலிகள் உரசின. எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்து நின்றேன்.

மகள் மேடைப் படியில் போய் உட்கார்ந்தாள். அந்த இரண்டு நிமிஷமும் என்னையே பார்த்தாள். உட்கார நினைத்தேன். கால் மடங்கவில்லை. வரும்போது ஆட்டோவில் பின்சீட்டிலிருந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"நீங்க ஏம்ப்பா எந்திரிச்சீங்க?"

ஐந்தாவது வெள்ளிக்கிழமை போன் வந்தது. வீட்டம்மாவின் போன் உடைந்துபோய், புதிது வாங்க இத்தனை நாள் ஆனதாம். ஒரு போனுக்கு இவ்வளவு நாளா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது, ஆனால் அழுகைதான் வந்தது. அவளும் அழுதாள். பிறகு, மகள் முன்பே சொல்லி வைத்திருந்த அந்தச் சுவர் என்னாச்சு என்று கேட்டாள். மீசை குறைந்த சிறுத்தை, மழை, செவ்வந்தி மாலை, அழ வந்த பெண்கள், எல்லாவற்றையும் சொன்னேன். மாலை போட்ட கதைக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஊரே நம்பிருச்சா? நீங்களாவது நம்பாம இருந்தீங்களே," என்றாள்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மகள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்று மேடைப் படியிலிருந்து பார்த்ததுபோலவே என்னைப் பார்த்தாள்.