பூநாரை பார்க்கப் போன மார்கழி

பூநாரையை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பார்ப்பதற்காக ஒருமுறை மழைக்குள், கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்பைக் கடந்து போயிருக்கிறேன். அப்போது எனக்கு ஆறு வயது. சண்டைக் காலம். லிங்கநகரில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தியே கதைத்துப் பழகியிருந்தார்கள். அடங்காத வாய் எனக்கு மட்டும்தான் இருந்தது. அந்த வாயை நம்பித்தான் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார் என்பது பிற்பாடு தெரிந்தது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். குச்சவெளிப் பக்கத்துக் களப்புக்குள் ஒரு சின்னத் தீவு இருக்கிறது, அதில் ஒரு பிள்ளையார் இருக்கிறார், மாரியில் அங்கே பூநாரைகள் வந்து இறங்கும், இளஞ்சிவப்பு நிறம், உன் அளவு உயரம் என்றெல்லாம் அவர் சொன்னார். நான் அன்றைக்கே எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். மாமா கோபிக்கவில்லை.

"சொல்லு, சொல்லு. ஆர் கேட்டாலும் இதைத்தான் சொல்லவேணும்" என்று தலையைத் தடவினார்.

விஷயம் வேறு. அம்மாவின் தங்கையான சின்னம்மாவுக்கு ஒருவரை நிச்சயம் செய்திருந்தார்கள். அவர் களப்புக்கு அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். நிச்சயம் செய்த கையோடு சண்டை மூண்டு பாதை பூட்டிவிட்டது. அவர் இந்தப் பக்கம் வந்தால் இளம் ஆண் என்று ஆமிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். சின்னம்மாவை அந்தப் பக்கம் போக விடமாட்டார்கள். இரண்டு வீட்டாரும் யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்த இடம்தான் நடுவிலிருந்த அந்தத் தீவு. போனால் திரும்பி வருவது லேசில்லை என்று தெரிந்தும் சின்னம்மா ஓம் என்றிருந்தார். இது எதுவும் எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் பஸ் நிலாவெளி போய்ச் சேருமுன்பே எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

அன்று விடிய சின்னம்மா எனக்கு இரட்டைப் பின்னல் பின்னினார். பின்னி முடித்து, ரிப்பனையும் கட்டி, பிறகு என்ன நினைத்தாரோ, எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்பவும் பின்னினார். வலிக்கிறது என்று நான் கத்தினேன்.

அம்மா, மாமா, சின்னம்மா, நான் என்று நாலு பேரும் பஸ்ஸில் போய் இறங்கிய தோணித் துறையில், மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஓர் ஆமிக்காரன் நின்றான். மழைக்கோட்டுக்குள் முகம் மட்டும் தெரிந்தது. பையைத் திறக்கச் சொன்னான். மேலே பொங்கலுக்குப் பச்சையரிசி, பயறு, சர்க்கரை. கீழே சேலைகள்.

"மழையெல்லோ, நனைஞ்சா மாத்துறதுக்கு" என்றார் அம்மா. கல்யாணத்துக்கு ஆகாத மாதம் என்று தெரிந்தும் மாமா மார்கழியைத் தெரிந்தெடுத்ததே இந்தப் பதிலுக்காகத்தான்.

பெரியவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்பது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் குனிந்தான்.

"நங்கி, எங்க போறது?" சிங்களத்தில் நங்கி என்றால் தங்கச்சி.

"பூநாரை பாக்க! என்னளவு உயரம்! உங்களுக்குத் தெரியாதோ?"

அவன் சிரித்துவிட்டுத் தோணியில் ஏறச்சொல்லிக் கையைக் காட்டினான்.

தீவில் கண்டல் மரங்களும் சேறும்தான் இருந்தன. ஒரு பாலை மரத்தடியில், தகரக் கூரைக்குக் கீழே பிள்ளையார் இருந்தார். பூநாரை ஒன்றுகூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் அக்கரையிலிருந்து இன்னொரு தோணி வந்தது. அதிலிருந்து ஒரு வயதான பெண்மணியும், வேட்டியை மடித்துக் கட்டிய மெலிந்த ஒருவரும் இறங்கினார்கள். மற்றவர்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த மெலிந்தவர்தான் என்னைச் சேற்றோரம் கூட்டிக்கொண்டு போய் மூன்று விரல் பதிந்த தடங்களைக் காட்டினார்.

"பாருங்கோ, வந்துதான் போயிருக்கு."

"எப்ப திரும்பி வரும்?"

அவர் சின்னம்மாவைப் பார்த்தார். "தெரியாது பிள்ளை" என்றார். நான் கேட்டதற்குத் தெரியாது என்று பதில் சொன்ன முதல் பெரிய மனிதர் அவர்தான். அந்த நிமிஷமே அவரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஈர விறகில் பொங்கல் பொங்குவதற்குப் பதிலாகப் புகைந்தது. பிள்ளையாருக்கு முன்னால், அம்மா குடை பிடிக்க, அந்த மெலிந்தவர் சின்னம்மாவின் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டினார். மாமா சந்தோஷத்தில் கோயில் மணியை அடிக்கப் போனார். சத்தம் தண்ணீருக்கு மேலால் போகும் என்று அம்மா பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மேளம் இல்லை, பலகாரம் இல்லை, வரிசையாக உட்காரக் கதிரைகள் இல்லை. இதைக் கல்யாணம் என்று எனக்கு யார் சொல்வது? கோயில்களில் கையில் நூல் கட்டுவார்களே, அப்படி ஏதோ என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படும்போது சின்னம்மா தோணியில் ஏறவில்லை.

"சின்னம்மா வரேல்லையோ?"

"அவ நிண்டு பூநாரை பாத்திட்டு வருவா" என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல்.

இப்படி ஒரு அநியாயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. சின்னம்மா தண்ணீருக்குள் இறங்கி வந்து, நனைந்து தொங்கிய என் ரிப்பனை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். நான் விறைத்துக்கொண்டு இருந்தேன். அந்தக் கை அடுத்ததாக என் தலையில் பட்டது என் கல்யாணத்தன்று, எனக்குப் பூ வைக்கும்போதுதான்.

மத்தியானத்துக்குப் பிறகு துறையில் காவலுக்கு வேறு ஆள் வருவான் என்று மாமா நம்பியிருந்தார். வரவில்லை. அதே மழைக்கோட்டு, அதே முகம். ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"மத்த அக்கா எங்க?"

மாமா வாயைத் திறந்தார். அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. நான் அதற்காகவே காத்திருந்ததுபோல வெடித்தேன்.

"அவ மட்டும் நிண்டு பூநாரை பாக்கிறாவாம்! என்னைக் கூட்டிக்கொண்டு வந்திட்டினம்! நான் ஒண்டும் பாக்கேல்ல!"

நிலத்தில் குந்தியிருந்து, மூச்சு முட்ட அழுதேன். அவன் களப்பைப் பார்த்தான். வெறுமையாகத் தொங்கிய பையைப் பார்த்தான். நம்பினானோ, நம்பினால் போதும் என்று நினைத்தானோ, இப்போதும் எனக்குத் தெரியாது. மழைக்கோட்டுக்குள் கையை விட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"அழ வேணாம், நங்கி" என்றுவிட்டு வழியை விட்டான்.

பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்குத் தனி இருக்கை கிடைத்தது. போகும்போது சின்னம்மா இருந்த இடம். யன்னலால் மழை அடித்தது. பிஸ்கட்டைக் கடிக்கப் போனபோதுதான் பார்த்தேன், அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். எனக்கு என் அழுகை மறந்துபோனது. பிஸ்கட்டில் பாதியை உடைத்து அவர் கையில் வைத்தேன்.

"அழாதைங்கோ அம்மா. அடுத்த முறை நாங்களும் நிண்டு பாப்பம்."

அம்மா இன்னும் கூடுதலாக அழுதார். அவருக்கும் பூநாரை என்றால் இவ்வளவு ஆசை என்பது அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.