மனையை நோக்கி வரும் அமெரிக்கா

என் தாய்மாமா மனை விற்கப் போன புதிதில், வேனை நிரப்ப ஆள் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைத்தான் ஏற்றிக்கொள்வார். கூட்டத்தைப் பார்த்தால்தான் வாங்க வருபவர்களுக்கு நம்பிக்கை பிறக்குமாம். அம்மா, சித்தி, நான் மூவரும் மனை வாங்க வந்தவர்கள்போல முகத்தை வைத்துக்கொண்டு திருப்போரூர் வரை போய்வருவோம். பிரியாணிப் பொட்டலம் இலவசம் என்பதால் எனக்கு இதில் ஆட்சேபம் இருந்ததில்லை.

ஒரு ஞாயிறு, நிஜமாகவே வாங்குகிற எண்ணத்தோடு செங்கல்பட்டிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஒரே மகன் அமெரிக்காவில். இங்கே சொந்தமாக ஓர் இடம் இருந்தால் என்றாவது திரும்பி வந்து வீடு கட்டுவான் என்று கணவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மாமாவுக்கோ அதுவரை ஒரு மனைகூடப் போணியாகவில்லை.

இறங்கியதும் அந்தக் கணவர் எல்லைக்கல் ஒவ்வொன்றையும் காலால் ஆட்டிப் பார்த்தார்.

"கல்லு நகராம இருக்குமாப்பா?"

அந்த வாரம்தான் பள்ளியில் கண்டங்கள் நகர்வதைப் பற்றிப் படித்திருந்தேன். வாய் சும்மா இருக்குமா?

"கல்லு இன்னா அங்கிள், நாடே நகந்துகினு கீது. நகம் வளர்ற மாதிரி, வடகிழக்கா."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மாமா ஒரு நொடி வெளிறிப்போய், உடனே சுதாரித்துக்கொண்டார். "பாத்தீங்களா சார், இந்தியாவே ஈசானிய மூலைக்குப் போவுது. இதவிட வாஸ்து இன்னா வேணும்?"

கணவர் சிரிக்கவில்லை. வேனைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார். அவர் மனைவிதான் என் பக்கம் குனிந்தார்.

"அமெரிக்கா? அதுவும் நகருதா கண்ணு?"

"ஆமா ஆன்ட்டி. கடைசில நம்ம ஆசியாவோட வந்து ஒட்டிக்குமாம். டீச்சர் படம் காட்னாங்க."

"எப்போ?"

"அதுக்குக் கோடிக்கணக்கான வருசம்..." என்று நான் இழுப்பதற்குள் மாமா குறுக்கே பாய்ந்தார்.

"வந்துகினே கீதும்மா!"

"எந்தப் பக்கமா வரும்?"

கிழக்கே, கடல் இருக்கும் திசையில் கையை நீட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்தார். பிறகு கணவரைக் கூப்பிட்டு, "இதையே முடிச்சிடுங்க" என்றார்.

மாமா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். என் அறிவால்தான் மனை விற்றது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வேன் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தும் அந்த ஆன்ட்டி மட்டும் கிழக்கைப் பார்த்தபடியே நின்றிருந்தார். அவருக்குக் கடல்காற்று பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.