கொரியாவும் என் ஓரகத்தியும்

ஒரு நாட்டின் மேல் பொறாமைப்பட முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்றுதான் சொல்வேன். நான் பட்டிருக்கிறேன். தென் கொரியா மேல்.

அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது. எட்டாவதோடு என் படிப்பு முடிந்தது. ஆனால் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி வீடு. அவள் மகள் கொரிய மொழி படித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியாக் கம்பெனியில் சேர்ந்தாள். அவர்கள் பேசுவதை நம்மவர்களுக்கும், நம்மவர்கள் பேசுவதை அவர்களுக்கும் மாற்றிச் சொல்கிற வேலை. அன்றிலிருந்து அந்த நாடு எங்கள் தெருவில் குடியேறிவிட்டது. குழாயடியில் கொரியா, பூக்காரியிடம் கொரியா, பெருமாள் கோயிலில் தீர்த்தத்துக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கும்போதும் கொரியா.

"அக்கா, நேத்து மெட்ராஸ்ல பெரிய ஓட்டல்ல மீட்டிங். இந்தப் பக்கம் அவங்க அதிகாரிங்க, அந்தப் பக்கம் நம்ம அதிகாரிங்க. நடுவுல எங்க பொண்ணு உக்காந்துக்கினு இருக்கா."

"நல்லா இருக்கட்டும்மா" என்பேன். உள்ளே வந்து, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவேன்.

எனக்கு இரண்டும் பையன்கள். பெரியவனுக்கு டயர் கம்பெனியில் ஷிப்டு வேலை, சின்னவனுக்கு செல்போன் கடை. குறை சொல்ல முடியாத பிள்ளைகள். ஆனால் அவர்கள் வாயிலிருந்து தமிழ் வருவதே அபூர்வம். "ம்" என்றால் சாப்பிட்டாச்சு, "ம்ம்" என்றால் இன்னும் இல்லை.

என் வீட்டுக்காரர் பட்டு ஜவுளிக் கடையில் புடவை பிரித்துக் காட்டுகிறவர். சாயங்காலம் வந்ததும் செய்தி பார்ப்பார். போன புரட்டாசிக்கு முன்னால் ஒரு நாள், தொலைக்காட்சியில் அந்த நாட்டுக்காரர்கள் யாருடனோ இறக்குமதி வரி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் சொன்னார்: "நம்ம தமிழ்நாட்டு ஜனத்தொகை கூடக் கிடையாது அந்த நாட்டுக்கு. சண்டையில சாம்பலாக் கிடந்த தேசம். இப்ப பேச உக்காந்தா, பெரிய பெரிய நாட்டுக்காரனெல்லாம் நாற்காலிய இழுத்துப் போட்டுக்கினு கேக்கறான் பாரு."

"நீங்களும் அந்த வீட்டுக்கே போயிடுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஓரகத்தியின் பெண் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். கொரியா அரசாங்கத்திலிருந்து சிலர் தொழில் விஷயமாகப் பேச சென்னைக்கு வருகிறார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு. புரட்டாசி சனிக்கிழமையில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பெருமாளுக்குச் சமைத்து இலையில் தளிகை போடுவதை இவள் சொல்லியிருக்கிறாள், பார்க்க ஆசைப்படுகிறார்களாம்.

"உலகத்துத் தலைவருங்க கூடற ஒரு பெரிய கூட்டம் இருக்குது பெரியம்மா. வருஷத்துக்கு ஒரு நாடுன்னு முறை வச்சு நடத்துவாங்க. இவங்க முறை வந்தப்ப தலைநகரத்துல வைக்கல. நம்ம காஞ்சிபுரம் மாதிரி ஒரு பழைய கோயில் ஊர்ல வச்சாங்க. அதனால இந்த மாதிரி ஊருன்னா அவங்களுக்குப் பிடிக்கும்."

சுருக்கென்றது எனக்கு. அவர்கள் கோயில் ஊருக்கு உலகமே வந்து உட்கார்ந்து பேசுகிறது. எங்கள் ஊருக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வேன் வருகிறது.

அவள் பின்னாலேயே அவள் அம்மா வந்தாள். "அக்கா, இந்த வருஷம் தளிகைய எங்க வீட்ல வச்சுக்கறேன். அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம் ரெண்டும் நீங்களே எடுத்துக்கோங்க."

எங்கள் மாமனார் காலத்திலிருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் தளிகை ஒன்றுதான். அண்ணன் வீட்டில் ஒரு வருஷம், தம்பி வீட்டில் ஒரு வருஷம். யார் வீட்டில் இலை விரிகிறதோ அந்த வீட்டுக்காரிதான் அன்றைக்குப் பெருமாளுக்குச் சமைக்கிறவள். அந்த ஒரு நாளில் தெருவே என் வாசலில் நிற்கும். மற்ற நாளில் என்னைத் தேடி யார் வருகிறார்கள்? இந்த வருஷம் என் முறை. அதைத்தான் கேட்கிறாள்.

"வர்றவங்க என் வீட்டுக்கு வரட்டும்" என்றேன்.

"அவங்க எங்க பொண்ணுக்காக வர்றாங்கக்கா."

"பெருமாளுக்காக வந்தா போதும்மா."

அவள் முகம் சிவந்தது. மகள்தான் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "பெரியம்மா முறை, பெரியம்மா வீட்லயே நடக்கட்டும். அம்மா கூட வந்து சமைப்பாங்க." பெரிய ஆபீசில் பேசுகிற குரல் அது.

சனிக்கிழமை விடிவதற்குள் தலைக்குக் குளித்து, வாசலில் செம்மண் இட்டு, அடுப்புக்கு நாமம் போட்டு ஆரம்பித்தோம். ஓரகத்தி வந்தாள், புளி கரைத்தாள், எள் வறுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெருமாளுக்குப் படைப்பதை முன்னால் ருசி பார்க்கக் கூடாது. வாசனை கூடப் பிடிக்கக் கூடாது. அதனால் உப்புப் போடுகிறவள் "உப்பு போட்டாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவாள், அடுத்தவள் தொடமாட்டாள். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். அன்றைக்கு யார் வாயும் திறக்கவில்லை.

கார்கள் வந்தன. நாலைந்து பேர். அவர்களுக்குத் தலைவி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மா. யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றி, நேராகத் திருப்பி வைத்துவிட்டு வந்தாள். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கூட வந்த நம்ம ஊர் அதிகாரிதான் நாற்காலி கேட்டார்.

தலைவாழை இலையில் பெருமாள் திருமுகத்தை நான் சாதத்தாலேயே வைத்திருந்தேன். தயிர்சாதத்தில் நாமம், வடையில் கண். மாவிளக்கு ஏற்றி, "கோவிந்தா" சொல்லி கற்பூரம் காட்டியபோது அந்த அம்மா கைகூப்பி நின்றாள். ஓரகத்தி கதவோரம் ஒதுங்கி நின்றாள். பெருமாளைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் அவளைப் பார்த்தேன். மன்னிச்சுக்கோ சாமி, நிஜத்தைச் சொல்கிறேன், அவள் ஓரமாக நின்றது எனக்கு இனித்தது.

பந்தி ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் புளியோதரையை ஒரு வாய் போட்டார். மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உப்பை நான் ஒரு தரம் போட்டேன், அவள் ஒரு தரம் போட்டிருக்கிறாள். கடலைத் தூக்கி இலையில் ஊற்றினாற்போல இருந்திருக்கும்.

அந்த அம்மா சாப்பிட்டாள். நிதானமாக, ஒரு பருக்கை விடாமல். பிறகு அவர்கள் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னாள்.

"ரொம்ப நல்லா இருக்குதுன்னு சொல்றாங்க பெரியம்மா. அவங்க ஊர் ஊறுகாய் ஞாபகம் வருதாம்" என்றாள் பெண்.

"அவ்ளோ பேசினாங்க, இத்தினிதானா?" என்றேன்.

"அவ்ளோதான் பெரியம்மா." சிரிக்காமல் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் சமாளிக்க நினைத்து, "உங்க நாடு எப்படிம்மா இவ்ளோ பெரிய ஆளாச்சு?" என்று கேட்டுவைத்தார். அதற்கு வந்த பதிலை இவள் சொன்னாள்: "ரெண்டு பக்கமும் பெரிய வீடு, நடுவுல எங்க வீடு. கத்தினா யாரும் கேக்க மாட்டாங்க. அதனால பார்த்துப் பார்த்துப் பேசப் பழகிக்கினோம்."

கிளம்பும்போது அந்த அம்மா பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். பல நிறத் துண்டுகளை ஒட்டுத் தைத்த பட்டுத் துணியில் கட்டியிருந்தது. பெண்ணிடம் ஏதோ கேட்டாள். இந்த வீட்டு அம்மா யார் என்று கேட்கிறாள் என எனக்கே தெரிந்தது.

நான் அடுப்படி வாசலில், ஓரகத்தி எனக்கு நேர் எதிரே. எல்லோரும் அந்தப் பெண் தயவில் வந்தவர்கள். அவள் அம்மாவைக் கை காட்டியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க முடியாது.

அவள் திரும்பி, என்னைக் காட்டினாள்.

அந்த அம்மா இடுப்பு வரை குனிந்து, இரண்டு கையாலும் பெட்டியை என்னிடம் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டு ஓரகத்தியைப் பார்த்தேன். எத்தனை வருஷமாக என் முகத்தில் இருந்ததோ அது அப்போது அவள் முகத்தில் இருந்தது. அதைப் பார்க்கத்தான் இவ்வளவும் செய்தேன். பார்த்தும் விட்டேன்.

கார்கள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் கொல்லையில் அண்டா தேய்த்தோம். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"புளியோதரைக்கு உப்பு நீங்க போட்டீங்களாக்கா?"

"நீ?"

"நானும்தான்."

அவள் சிரித்துவிட்டாள், எனக்கும் அடக்க முடியவில்லை. அதற்குள் பெண் உடை மாற்றிக்கொண்டு வந்து, மீந்த தயிர்சாதத்தை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, உங்க அம்மா எதிர்லதானே நின்னுக்கினு இருந்தா?" என்று கேட்டேன்.

"முறை உங்களோடது பெரியம்மா" என்றாள், சாப்பிட்டுக்கொண்டே.

அவள் அம்மா தலை நிமிரவில்லை. ஆனால் தேய்க்கிற கை நின்றுவிட்டது. வருத்தம் கொஞ்சம், பெருமை நிறைய, இரண்டும் அந்த முகத்தில் தெரிந்தன. எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டது. அந்தப் பெண் படித்த பாஷைக்காக இல்லை, காரில் வந்தவர்களுக்காகவும் இல்லை. பெற்றவள் எதிரில் நிற்கும்போது நியாயம் பார்த்து என்னைக் காட்டியதே, அந்தப் பிள்ளையை நான் பெறவில்லையே என்று.

பெட்டியில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் இருந்தன. பாதியை அவளிடம் கொடுத்தேன். நல்ல மனசில் கொடுத்தேன் என்று பெருமாள் முன்னால் சத்தியம் செய்ய மாட்டேன்.