எட்டாவது ஸ்க்ரூ

அந்தத் தெருவில் அவரை 'மிச்சம் சார்' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். எதைக் கழற்றினாலும் திரும்பப் பூட்டிவிடுவார். பூட்டியது ஓடவும் ஓடும். ஆனால் கடைசியில் கையில் ஒரு ஸ்க்ரூவாவது மிஞ்சும். "கம்பெனிக்காரன் எப்பவுமே ஒண்ணு ரெண்டு கூடுதலாத்தான் போடுவான்" என்பது அவர் கட்சி. மிஞ்சியதையெல்லாம் ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். பாட்டில் முக்கால்வாசி நிரம்பிவிட்டது.

நூலகத்தில் புத்தகம் அடுக்குவது அவர் வேலை. அங்கே ஒரு புத்தகம்கூட இடம் மாறி நிற்காது. அப்படிப்பட்ட மனுஷனுக்கு வீட்டு வாசல்படி தாண்டியதும் என்னதான் ஆகுமோ, யாருக்கும் விளங்கவில்லை.

வீட்டில் அவர் கை படாத சாமான் இல்லை. ஃபிரிட்ஜ் கதவை முழங்காலால் இரண்டு தரம் முட்டினால்தான் மூடும். கூடத்து ஃபேன் சுற்ற வேண்டுமென்றால் முதலில் குளியலறை விளக்கைப் போட வேண்டும். சுவர்க் கடிகாரம் இடது பக்கம் சாய்ந்து தொங்கினால்தான் சரியான நேரம் காட்டும். மருமகன் முதன்முதலாக வந்தபோது, நல்ல பிள்ளை, அதை நேராக நிமிர்த்தி வைத்தார். ரயிலைக் கோட்டைவிட்டுத் திரும்பி வந்து இன்னும் ஒரு நாள் தங்கினார். அதிலிருந்து கைக்கடிகாரம் இல்லாமல் அந்த வீட்டுக்கு வருவதில்லை.

அவருடைய திருப்புளி தீண்டாத ஒரே பொருள் மனைவியின் தையல் மெஷின். தீண்ட விட்டால்தானே? வாசலறையில் ஜன்னலோரம் அது நிற்கும். அவள் மிதித்தால் 'டக் டக்' என்று ஒரு சத்தம் போடும். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சத்தம் அவர் காதைக் குடைந்துகொண்டிருந்தது. "ஒரே ஒரு தடவை திறந்து பாத்துடறேனே" என்பார். "அதோட சுபாவம் அது. நீங்க உங்க ஃபேனைப் பாருங்க" என்று அவள் அவர் வாயை அடைத்துவிடுவாள். வெளியே சிரித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அவருக்கு அது உறுத்தத்தான் செய்தது. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், கட்டியவளுமா நம்பக்கூடாது?

ஒரு சனிக்கிழமை காலை அந்த மெஷின் நின்றுபோனது. சக்கரம் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. மேஜைமேல் பள்ளிச் சீருடைச் சட்டைகள் முப்பத்திரண்டு, வெட்டியபடி கிடந்தன. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதற்குள் கைக்கு வராவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று தலைமையாசிரியை முன்பே சொல்லியிருந்தார். வழக்கமான மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டாள். அவன் வெளியூரில் இருந்தான். "செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி வர முடியாதுக்கா" என்றான்.

இதையெல்லாம் மிச்சம் சார் கதவோரம் நின்று, செய்தித்தாள் படிக்கிற பாவனையில் கேட்டுக்கொண்டிருந்தார். தாள் தலைகீழாக இருந்தது.

"சரி, திறங்க" என்றாள் அவள்.

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஆனா நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் என் தட்டுலதான் போடணும்."

அந்தச் செய்தித்தாளையே தரையில் விரித்தார். மெஷினின் தலையைப் பின்பக்கம் சாய்த்தார். அவர் கழற்றக் கழற்ற அவள் தட்டில் வரிசையாக அடுக்கி எண்ணினாள். மொத்தம் ஏழு. நூல் நுனியைப் பல்லில் வைத்துக் கடித்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு பயமா என் கையைப் பார்த்து என்று அவருக்கு மனசு சுருங்கியது.

உள்ளே எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து கெட்டிப்பட்டுக் கிடந்தன. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் அவளுடைய கொண்டை ஊசியாலும் நோண்டினார். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு அழுக்குருண்டை தாளில் வந்து விழுந்தது. சக்கரத்தைத் தொட்டார். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

துணியை நகர்த்தும் பல்லுக்கடியில் இரண்டு ஓட்டைகள் இருந்தன, ஸ்க்ரூ ஒன்றுதான் இருந்தது. மற்ற கம்பெனிக்காரன் கூடுதலாகப் போடுவான், இவன் கஞ்சன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பூட்ட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் எண்ணினாள். ஏழாவதும் உள்ளே போனது. தட்டு காலி.

அவர் தட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உண்மையிலேயே காலி. வாழ்க்கையில் முதல் தடவை. தெருவையே கூப்பிட்டுக் காட்டலாம் போலிருந்தது. "பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

அழுக்கை வெளியே கொட்டத் தாளைத் தூக்கினார். உருண்டை உடைந்து 'டிங்' என்று ஏதோ தரையில் விழுந்து, உருண்டு போய் அவள் கால் விரலில் முட்டி நின்றது. எண்ணெய்க் கறுப்பில் ஊறிய ஒரு ஸ்க்ரூ.

மிச்சம் சாரின் முகம் தொங்கிப்போனது. திருப்புளியை மறுபடி எடுத்தார்.

"வையுங்க. அது ஏழுல சேராது" என்றாள் அவள்.

"பின்ன?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "மெஷின் வாங்கின புதுசுல ஊசி மாட்டிக்கிச்சு. நீங்க நூலகத்துல இருந்தீங்க. இது என்ன பிரமாதம்னு நானே திறந்தேன். பல்லை மாட்டும்போது கை நழுவி ஒண்ணு உள்ள விழுந்துடுச்சு. தேடித் தேடிப் பாத்தேன், கெடைக்கல. அப்படியே மூடிட்டேன்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இது இருபத்திரண்டு வருடம் தாங்கியிருக்கிறது.

"அப்ப என்னைத் தொட விடாதது..."

"திறந்தா தெரிஞ்சிடும்ல. ஊரோட சேர்ந்து நானும் உங்களை மிச்சம் மிச்சம்னு கேலி பண்ணிட்டிருந்தேன். எந்த மூஞ்சிய வச்சிட்டுச் சொல்றது?"

"உனக்கு என்மேல நம்பிக்கை இல்லைன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

"நம்பிக்கை இல்லதான். அது வேற விஷயம்."

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும்தான். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இத்தனை வருட உறுத்தல் போன இடம் தெரியவில்லை. பிறகு அவர் அந்த ஸ்க்ரூவைத் துடைத்து, அதற்குரிய ஓட்டையிலேயே முடுக்கினார்.

அவள் மிதித்தாள். மெஷின் சத்தமே இல்லாமல் ஓடியது. ஒரு சட்டையில் பாதி தைத்ததும் நிறுத்திவிட்டாள்.

"என்னங்க, அந்த டக் டக் இல்லாம எனக்கு வேகமே புரிய மாட்டேங்குது. தையல் கோணிக்கிட்டுப் போகுது. கழட்டிடுங்க."

கழற்றினார். அவள் அதை வாங்கி, ஸ்டூல்மேல் ஏறி, தானே ஜாம் பாட்டிலில் போட்டாள். டக் டக் என்று சட்டைகள் வளர்ந்தன. திங்கட்கிழமை காலை முப்பத்திரண்டும் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன.

செவ்வாய்க்கிழமை காலை, மிச்சம் சார் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் ஃபோன் செய்தான். அவள் எடுத்தாள்.

"வேணாம்ப்பா, நீ வர வேண்டியதில்ல. எங்க வீட்டுக்காரரே சரி பண்ணிட்டாரு."

அந்தப் பக்கம் அவன் ஏதோ கேட்டுச் சிரித்தான். என்ன கேட்டிருப்பான் என்று அவருக்குத் தெரியும். செருப்பை மாட்டாமல் நின்றார்.

"ஆமாப்பா, ஒண்ணு மிச்சமாச்சு" என்றாள் அவள். "ஆனா அது அவரோடது இல்ல. என்னோடது."