டாக்டரம்மா எண்ணிய கண்

செல் எண்ணுவதற்கென்றே டாக்டரம்மா ஒரு பச்சை மைப் பேனா வைத்திருந்தார். வேறு எதற்கும் அதைத் தொடமாட்டார். நாங்கள் யாராவது தெரியாமல் எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஒரு கண் வங்கியில் நான் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது அவர்தான் அதற்குப் பொறுப்பு. போத்தனூரிலிருந்து பஸ் மாறி, வேர்த்து வழிந்து வந்து சேர்கிறவளிடம், உட்காரச் சொல்வதற்கு முன்பே ஒரு படத்தை நீட்டி எண்ணச் சொல்லும் மனுஷி. முதல் மாதம் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை.

இறந்தவரின் கண் தானமாக வந்தால், முன்னால் கண்ணாடி போலிருக்கும் கார்னியாவைப் பிரித்து மருந்து நீரில் வைப்போம். சில நாட்கள்தான் தாங்கும். அதன் உள்பக்கத்தில் ஒரே அடுக்காக இருக்கிற செல்கள்தான் அதைத் தெளிவாக வைத்திருப்பவை. அவை போனால் போனதுதான், திரும்ப முளைக்காது. செல் குறைந்த கார்னியாவை ஒருவருக்குப் பொருத்தினால் கொஞ்ச காலத்தில் நீர் கோத்து மங்கிவிடும். அதனால் மைக்ரோஸ்கோப்பில் படமெடுத்து, அதன்மேல் சதுரம் வரைந்த ஒளிபுகும் தாளை வைத்து, சதுரத்துக்குள் விழும் ஒவ்வொரு செல்லிலும் ஒரு புள்ளி குத்தி எண்ணவேண்டும். இதற்கு மேல் டாக்டரம்மா சொந்தமாக ஒரு சட்டம் வைத்திருந்தார். எண்ணுகிறவருக்கு அது யார் கண் என்று தெரியக்கூடாது. பேரும் வயதும் எழுதிய இடத்தில் பிளாஸ்திரி ஒட்டித்தான் படம் எங்கள் மேஜைக்கு வரும். “பேரைப் பாத்தா பாவம் பாக்கத் தோணும் கண்ணு. பாவம் பாத்தா எண்ணிக்கை கூடிரும்” என்பார்.

பிறகு கம்ப்யூட்டர் வைத்த மெஷின் வந்தது. படத்தைக் கொடுத்தால் அதுவே செல்களுக்குக் கோடு போட்டு எண்ணிச் சொல்லிவிடும். எனக்கு ஒரே கொண்டாட்டம், கழுத்துவலி தீர்ந்தது என்று. டாக்டரம்மாவோ மெஷின் சொன்னாலும் கையாலும் எண்ணியே ஆகவேண்டும் என்று நின்றார். செல்கள் ஒரே அளவாக, நெருக்கமாக இருந்தால் மெஷின் தப்பே செய்யாது. வயதான கண், ஆபரேஷன் ஆன கண் என்றால் செல்கள் பெரிதும் சிறிதுமாகக் கிடக்கும். அப்போது பெரிய செல்லின் நடுவே இல்லாத கோட்டைப் போட்டு, ஒன்றை இரண்டாக்கி எண்ணிவிடும். இன்றைய மெஷின்கள் எவ்வளவோ தேவலை. நான் இப்போது வேலை செய்யும் இடத்தில் யாரும் புள்ளி குத்துவதில்லை. ஆனாலும் அது போட்ட கோடுகளை ஒருமுறை மேய்ந்து பார்க்காமல் எனக்கு மனசு ஆறுவதில்லை.

டாக்டரம்மாவின் வீட்டுக்காரருக்குக் கணபதியில் லேத் பட்டறை. சாயங்காலம் அவரை அழைத்துப்போக வரும்போது எங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்து, “ஏனுங்க, லேத்துக்கே கம்ப்யூட்டர் வந்துபோச்சு. உங்க டாக்டரம்மா இன்னும் புள்ளி வெச்சுக் கோலம் போட்டுட்டு இருக்கறாங்களே” என்பார். நாங்கள் சிரிப்போம். டாக்டரம்மா தலையை நிமிர்த்தாமல், “எண்ணிக்கை உட்டுப்போச்சு, வெளிய நில்லுங்க” என்பார். கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்ததோடு நில்லாமல், பட்டறை ஆட்கள் அத்தனை பேரையும் எழுத வைத்தவர் அந்த மனுஷன். “நம்ம கண்ணு சும்மா வேகக் கூடாதுங்க” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் காலையில் பட்டறையிலேயே மாரடைப்பில் போய்விட்டார். கண்ணை எடுக்க வீட்டுக்கு நாங்கள் போனபோது கூட்டம் நெரிந்தது. கண் உலரக்கூடாது என்பதற்காக டாக்டரம்மா தானே எழுந்து ஃபேனை நிறுத்தினார். புழுக்கத்தில் உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மூடிய இமைகள்மேல் ஈரப்பஞ்சை வைத்துவிட்டு எங்களுக்கு வழிவிட்டு விலகி நின்றார். வீட்டுக்காரருக்கு ஒரு கண்ணில் லேத் பிசிறு பட்ட பழைய தழும்பு உண்டு, அது ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். மற்ற கண்தான். அதில் எப்போதோ புரை ஆபரேஷன் ஆகியிருந்தது.

மறுநாள் படமெடுத்தேன். மெஷின் நல்ல எண்ணிக்கையே சொன்னது. கையால் எண்ணினேன், அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் டாக்டரம்மா எண்ணுவதுதான் வழக்கம். துக்க வீட்டில் இருப்பவரை எப்படிக் கூப்பிடுவது என்று இளைய டாக்டர் ஒருவர் கையைப் பிசைந்தார். வார்டில் போத்தனூர் டீச்சர் ஒருவர் இந்தக் கார்னியாவுக்காகவே வந்து படுத்திருந்தார். எங்கள் ஏரியாக்காரர், பல மாதமாகப் பார்வையில்லாமல் காத்திருந்தவர். என்ன செய்வதென்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது டாக்டரம்மாவே வந்துவிட்டார். துக்க வீட்டை விட்டு, உறவெல்லாம் வாயில் கைவைக்க, வெள்ளைச் சேலையோடு வந்து நின்றார்.

“எவ்வளவு வந்துச்சு கண்ணு?”

மெஷின் சொன்னதைச் சொன்னேன். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் பார்த்திருக்கக் கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

“நீ எண்ணுனியா?”

அதையும் சொன்னேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பச்சைப் பேனாவை எடுத்தார். இந்த முறை எந்தப் பிளாஸ்திரியும் எதையும் மறைக்க முடியாது. ஒருமுறை எண்ணினார். சதுரத்தைச் சற்று நகர்த்தி, செல்கள் நெருக்கமாகத் தெரிந்த ஓரத்தில் வைத்து மறுபடி எண்ணினார். “இந்தப் பக்கம் கூட வருது பாரு” என்றார். இன்னும் தள்ளி வைத்தார். நல்ல இடமாகத் தேடாதே, நடுவில் வைத்து எண்ணு என்று எங்களை விரட்டி விரட்டிப் பழக்கியவர். போதும், நீங்கள் சொல்வதுதான் சரி என்று சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. அவராகவே நிறுத்தினார். தாளைப் படத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து வைத்து, முதலிலிருந்து நிதானமாக எண்ணினார்.

“மெஷின் ஒண்ண ரெண்டாக்கிப்போட்டுது” என்றார். பொருத்துவதற்கு ஆகாது என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டீச்சரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன், கேட்கவில்லை. கட்டிலருகே போய் நின்று, வந்த கண் சரியில்லை, இன்னொன்று வரட்டும் என்றார். டீச்சருக்கு எதிரே நிற்பவரின் முகமும் தெரியாது, சேலையின் வெள்ளையும் தெரியாது. “யாரோ புண்ணியவான் குடுத்ததுங்க டாக்டர். அதையே வெச்சுடுங்க. கொஞ்ச நாளைக்குத் தெரிஞ்சாலும் போதுமுங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டரம்மா அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. “கொஞ்ச நாளைக்குன்னு வெக்கக் கூடாதுங்க டீச்சர். அது உங்களுக்கு ஆகாதுங்க” என்றார். குரல் உடையவே இல்லை. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. டீச்சருக்குப் பிறகு வேறொரு கண் வந்தது, பார்வையும் வந்தது. வீட்டுக்காரரின் கண் இளம் டாக்டர்கள் தையல் போட்டுப் பழகுவதற்குப் போனது.

காரியத்தன்று நான் கணபதிக்குப் போயிருந்தேன். வந்தவர்கள் கலைந்த பிறகு டாக்டரம்மாவும் நானும் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரரின் தங்கச்சி வந்து பக்கத்தில் அமர்ந்தார். அண்ணன் மனைவியை அந்தப் பக்கத்தில் நங்கை என்றுதான் அழைப்பார்கள்.

“ஏனுங்க நங்கை, அண்ணன் கண்ண யாருக்கு வெச்சாங்க?”

யாருக்கு என்று சொல்லக்கூடாது என்பது எல்லாக் கண் வங்கியிலும் உள்ள விதி. எத்தனையோ குடும்பங்களிடம் டாக்டரம்மா அதைக் கண்டிப்பாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அன்றும் அதைத்தான் சொன்னார்.

“செரி, பேரு வேண்டாமுங்க. ஆரோ ஒருத்தர் அதுல பாத்துட்டு இருக்கறாங்கல்ல? அத நெனச்சாத்தானுங்க எனக்குக் கொஞ்சம் சோறு எறங்குது.”

டாக்டரம்மா என்னை ஒருமுறை பார்த்தார். நான் டம்ளருக்குள் குனிந்துகொண்டேன்.

“பாத்துட்டுத்தான் இருக்கறாங்க அம்மணி” என்றார்.